கறுப்புத் தேநீரும் நம் கல்லீரலும்



"பிளாக் டீ குடிச்சா கொழுப்பு கரையுமாமே?" என்று பலரும் கேட்கிறார்கள். கொஞ்சம் உண்மை, நிறைய ஆசை!

கிரீன் டீயும் பிளாக் டீயும் ஒரே செடியின் இலைதான். இலையை வாட்டி, நசுக்கி, காற்றுப்பட விடும்போது அதிலுள்ள கேட்டசின்கள் தியாஃப்ளேவின், தியாருபிஜின் என்ற பொருள்களாக மாறுகின்றன. டீயின் செந்நிறம் இவற்றால் வருவது.

அமெரிக்க வேளாண்மைத் துறை ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கொலஸ்ட்ரால் சற்றே கூடியிருந்த 15 பேருக்கு, அளந்த சாப்பாட்டோடு, 3 வாரம் தினமும் 5 வேளை பிளாக் டீ. காஃபின் கலந்த போலிப் பானம் குடித்த காலத்தோடு ஒப்பிட்டபோது, எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு சுமார் 11 சதவீதம் குறைந்திருந்தது. எச்.டி.எல்., டிரைகிளிசரைடு இரண்டிலும் மாற்றமில்லை. ஆனால் 15 பேர் என்பது நம் விடுதியில் ஒரு பந்திக்குக்கூடக் காணாதே! வேறு சில ஆய்வுகளில் பலன் தெரியவும் இல்லை. ஆகவே டீயை நம்பி, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திடாதீங்க.

அடுத்து கல்லீரல். இங்கே வில்லன் டீ அல்ல, சர்க்கரை. கப்புக்கு 2 ஸ்பூன் வீதம் 4 கப் என்றால் ஏறக்குறைய 32 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015-ஆம் ஆண்டு யோசனை. சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ். அதைப் பெரும்பாலும் கல்லீரல்தான் கையாள்கிறது, மிஞ்சினால் கொழுப்பாக்கிவிடும். மதுவைத் தொடாதவர்களுக்கும் கொழுப்புக் கல்லீரல் வருகிறது. பெரும்பாலும் வலியே இருக்காது, அதுதான் ஆபத்து.

எடை குறைக்க கிரீன் டீ சாறு மாத்திரை விழுங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அதிலுள்ள ஈ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசினை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ மாத்திரையாக எடுத்தால் கல்லீரல் என்சைம்கள் உயரக்கூடும் என்று 2018-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. கோப்பையில் குடிப்பது வேறு, செறிவாக்கி விழுங்குவது வேறு.

இன்னொன்று: சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ரத்தசோகை உள்ள மாணவிகள் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள்.

டீயை விடச் சொல்லவில்லை. சர்க்கரையைக் குறையுங்கள், நடங்கள். நாற்பதைத் தாண்டிய நண்பர்கள், அடுத்த சந்திப்புக்கு வருமுன் ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எல்லோரும் மறுபடி இதே மண்டபத்தில் கூடணும் இல்லையா?