போகும்போது, போனபோது



நம் மலையூர் தானா ராத்தாவின் கடைத்தெருவில் ஜப்பானியரைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. தங்கள் ஊரில் கோடை கொளுத்தும் மாதங்களில் இந்த மலைக்கு வந்து தங்கிப் போகும் ஓய்வுபெற்ற தம்பதிகள் பல வருடங்களாக வருகிறார்கள். ஓட்டலில் வேலை பார்க்கிற, பயணிகளுக்குத் தேயிலைத் தோட்டம் சுற்றிக் காட்டுகிற நம் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் நாலு வார்த்தை பேச ஆசை. வேறு சிலருக்குக் கனவு இன்னும் பெரிது. 1982இல் அரசாங்கம் கிழக்கை நோக்கும் கொள்கையை அறிவித்த நாளிலிருந்து, ஜப்பானுக்குப் போய்ப் படிப்பது மலேசிய மாணவர்களுக்கு எட்டக்கூடிய ஒரு வழியாக இருந்து வருகிறது.

இந்த மொழி நம் குடும்பங்களுக்குள் முதலில் வந்த விதம் வேறு. பழைய நிகழ்ச்சி எதையும் நம் பாட்டிமார் ‘ஜப்பான்காரன் காலத்தில்’ என்றுதான் தொடங்குவார்கள். 1942இல் ஜப்பானியர் ஆட்சியின்கீழ் மலாயாவின் கடிகாரங்கள் ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டுத் தோக்கியோ நேரத்துக்கு மாறின. பள்ளிகளில் நிப்போங்கோ, அதாவது ஜப்பானிய மொழி, சொல்லிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டுகளில்தான் தோட்டப் புறங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டார்கள். எத்தனையோ பேர் திரும்பவே இல்லை. அன்று அதிகாரத்தோடு வந்த மொழியை இன்று நம் பிள்ளைகள் தாமாக விரும்பிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு அது நல்ல முறையில் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு அக்கறை உண்டு. அதனால்தான் இன்று ஒரே ஒரு இலக்கணப் பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு செயல் எப்போது நடந்தது என்று சொல்லும் பாடம் அது. தொடக்க நிலையில் படிப்பவர்கள் இங்கேதான் அதிகம் திணறுகிறார்கள். பாடம் கடினம் என்பதல்ல காரணம். கையில் இருப்பது ஆங்கில வழிப் புத்தகம். தமிழ்ப் பிள்ளை ஜப்பானிய வாக்கியத்தை முதலில் ஆங்கிலத்தில் யோசித்து, அதைத் தலைகீழாகப் புரட்டி, பிறகு வாயைத் திறக்கிறது.

இரண்டு வாக்கியங்களைக் கேளுங்கள். ‘கோலாலம்பூருக்குப் போகும்போது தாப்பாவில் சாப்பிட்டேன்.’ ‘கோலாலம்பூருக்குப் போனபோது மாமாவைப் பார்த்தேன்.’ இரண்டுமே முடிந்துபோன கதை. ஆனாலும் முதல் வாக்கியத்தில் ‘போன’ என்று வரவில்லை, ‘போகும்’ என்றுதான் வந்தது. வழியில் தாப்பாவில் சாப்பிட்ட நேரத்தில் பயணம் இன்னும் முடியவில்லை அல்லவா? மாமாவைப் பார்த்தது ஊர் போய்ச் சேர்ந்த பிறகு. ஜப்பானியரும் இதே கணக்கைத்தான் வைத்திருக்கிறார்கள். போகும்போது என்பதற்கு ‘இக்கு தொக்கி’, போனபோது என்பதற்கு ‘இத்தா தொக்கி’. ‘தொக்கி’ என்றால் நேரம், பொழுது. நம் ‘போது’ம் பொழுதிலிருந்து வந்ததுதானே! ‘இக்கு’ போகும், ‘இத்தா’ போன. தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இது பழக்கமான பெயரெச்சம். ஆங்கிலத்தில் ‘வென்’ என்று தொடங்கி இரண்டுக்குமே இறந்தகால வினையைப் போட்டுவிடலாம். அங்கிருந்து வருகிற மாணவன் இரண்டு இடத்திலும் ‘இத்தா’ என்று எழுதி மதிப்பெண் இழக்கிறான். ஒன்று சொல்லிவிட வேண்டும்: நம் பேச்சில் ‘போனப்போ வழியில பார்த்தேன்’ என்றும் கலந்து வரும். ஜப்பானியத் தேர்வில் அந்தச் சலுகையை எதிர்பார்க்கக்கூடாது.

அடுத்தது முன்னும் பின்னும். ‘தூங்குவதற்கு முன் குளித்தேன்’ என்கிறோம், ‘தூங்கின முன்’ என்று யாரும் சொல்வதில்லை. அங்கேயும் ‘நெரு மாஎ நி’தான், குளித்தது நேற்றாக இருந்தாலும் சரி. ‘சாப்பிட்ட பிறகு’ என்பதற்கு ‘தாபெத்தா அத்தோ தே’. நாளைக்கு நடக்கப்போவதாக இருந்தாலும் ‘சாப்பிட்ட’ என்றுதான் வரும். ஆங்கில வழியில் இவை மனப்பாடம் செய்ய வேண்டிய தனித்தனி விதிகள். நமக்கோ, ‘சாப்பிடும் பிறகு’ என்று யாராவது சொன்னால் காதே தடுத்துவிடும். ‘தாபெத்தே காரா’ நம் ‘சாப்பிட்டுவிட்டு’, அதாவது வினையெச்சம். ‘பாடிக்கொண்டே நடந்தேன்’ என்பதில் வரும் ‘கொண்டே’வுக்கு ‘நகரா’ என்று ஓர் ஒட்டு இருக்கிறது. அதையும் விரைவாகவே பிடித்துக்கொள்ளலாம்.

இந்த ஒற்றுமைகளைக் கேட்டதும் சிலருக்குப் பேராசிரியர் சுசுமு ஓனோவின் பெயர் நினைவுக்கு வரும். தோக்கியோவில் ககுஷுயின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், 2008இல் காலமானார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதாடினார். தமிழகத்தின் பொற்கோ, யாழ்ப்பாணத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவருடன் சேர்ந்து உழைத்தார்கள். மொழியியலாளர் பெரும்பாலோர் அவர் முடிவை ஏற்கவில்லை. வினையைக் கடைசியில் வைத்து, அதற்கு முன்னே எச்சங்களை அடுக்கும் பழக்கம் கொரிய, துருக்கி மொழிகளிலும் உண்டு. ஆகவே இந்த ஒற்றுமையை வைத்து உறவு கொண்டாட வேண்டியதில்லை. பாடம் படிக்க உதவுகிறது, அந்த அளவில் அது நமக்குப் பெரிய சொத்து.

தமிழ் கைவிடுகிற இடங்களும் இருக்கின்றன. ‘ஆசிரியர் வந்தபோது நான் எழுந்து நின்றேன்’ என்பதில் வந்தவர் ஒருவர், நின்றவர் வேறொருவர். அப்போது வந்தவருக்குப் பக்கத்தில் ‘கா’ என்ற உருபைப் போட வேண்டும், ‘வா’ என்ற உருபைப் போடக்கூடாது: ‘சென்செய் கா கித்தா தொக்கி’. நம் மொழியில் இந்த வேறுபாட்டைக் காட்டும் உருபு இல்லை. இதற்குப் பயிற்சி ஒன்றுதான் வழி. ‘அம்மா தூங்கும்போது’ என்று நாம் ஒன்றாகச் சொல்வதையும் அவர்கள் பிரிக்கிறார்கள். அம்மா தூங்கிய நேரம் முழுக்க நான் படித்தேன் என்றால் ‘அய்தா’. அந்த நேரத்துக்குள் ஒரு தடவை கடைக்குப் போய் வந்தேன் என்றால் ‘அய்தா நி’.

ஜப்பானிய வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தமிழ்ப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், இந்தப் பாடம் வரும் வாரத்திலாவது கரும்பலகையில் ஜப்பானிய வாக்கியத்துக்கு நேர் கீழே தமிழ் வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள். சொற்கள் வரிசை மாறாமல் ஒன்றின் கீழ் ஒன்றாக உட்காருவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும். இரண்டும் ஒத்துப் போகாத இடங்களுக்குச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கோடிடுங்கள்.

முதல் கோடு எங்கே விழும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிற்பகலில் மேகம் திரண்டால் நம் ஊரில் எல்லா வீட்டிலும் கேட்கிற குரல், ‘மழை வருவதற்குள் துணியை எடுத்துவிடு.’ ஜப்பானியர் இதை ‘மழை பெய்யாமல் இருக்கும் நேரத்துக்குள்’ என்று எதிர்மறையில் சொல்வார்கள்: ‘அமெ கா ஃபுரானாய் உச்சி நி’. நாம் ‘வருவதற்குள்’ என்பதை அவர்கள் ‘வராதபோதே’ என்கிறார்கள். இன்று மாலை துணி எடுக்கும்போது ஒரு தடவை சொல்லிப் பாருங்கள்.