அழாத குழந்தையின் இடுப்பு மூட்டு



காது வலித்தால் பச்சைக் குழந்தை வீறிட்டு அழும். வயிறு உப்பினால் முறுக்கும். ஆனால் பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியிருந்தால் அழாது. பால் குடிக்கும், சிரிக்கும், காலை உதைக்கும். வலியே இல்லாததால்தான், நடக்கத் தொடங்கிய குழந்தை ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்த பிறகே பல குடும்பங்கள் மருத்துவரிடம் ஓடுகின்றன. அதற்குள் அறுவை சிகிச்சை வரை போக வேண்டியதாகிவிடுகிறது.

இடுப்பெலும்பில் கிண்ணம் போன்ற குழி ஒன்று உண்டு. தொடை எலும்பின் உருண்டைத் தலை அதில் பொருந்தி உட்கார வேண்டும். குழி ஆழமில்லாமல் இருந்தாலோ தசைநார் தளர்ந்திருந்தாலோ தலை நழுவிவிடும்.

பாட்டிமார் காலை நீட்டி, அதில் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுகிறார்களே, அந்த நேரம் போதும். மல்லாத்தி, முழங்காலை மடக்கி, தொடைகளை மெல்ல விரித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் விரிய மறுக்கிறதா? ஒரு முழங்கால் தாழ்ந்து தெரிகிறதா? உடனே காட்டுங்கள். தொடை மடிப்பு இரு பக்கமும் ஒத்துப்போகாமல் இருப்பது நல்ல குழந்தைக்கும் உண்டு. பயம் வேண்டாம், ஆனாலும் காட்டிவிடுவது நல்லது.

ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிட்டால் பெரும்பாலும் கத்தி வேண்டாம். செக் நாட்டு மருத்துவர் ஆர்னோல்ட் பாவ்லிக், 1940-களில் தோளிலிருந்து பாதம் வரை வரும் மென்மையான வார்ப்பட்டை ஒன்றை வடிவமைத்தார். கால்கள் தவளைபோல் மடங்கி விரிந்திருக்கும், உதைக்கத் தடையில்லை. அப்படி உதைத்து உதைத்தே மூட்டு தன் குழியில் படிகிறது. சில வாரங்கள் கழற்றாமல் போட்டிருப்பதைப் பார்க்கத் தாய்மனம் தாங்காதுதான். தாங்கிக்கொள்ளுங்கள் அம்மா.

காலை நீட்டி இறுக்கித் துணி சுற்றும் வழக்கம் ஜப்பானில் இருந்தது. அதைக் கைவிடச் சொல்லி 1970-களில் நாடு தழுவிய பிரசாரம் நடந்தது. அதன்பின் இந்தக் குறை அங்கே வெகுவாகக் குறைந்தது. நம் வீட்டிலும் துணியை மார்போடு சுற்றுங்கள், கால்கள் மடங்கி அசைய இடம் விடுங்கள். தலை நின்ற பிள்ளையை, கால் இருபுறமும் விரிய இடுப்பில் வைத்துக்கொள்ளும் நம் வழக்கம் மூட்டுக்கு உகந்தது. குளிப்பாட்டும்போது காலைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெண் குழந்தைகளுக்கும் தலைச்சன் பிள்ளைகளுக்கும் இது அதிகம் வருகிறது. வயிற்றில் தலை திரும்பாமல் பிட்டம் கீழாக இருந்த குழந்தை, பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தக் குறை இருந்த குழந்தை என்றால், கால் சரியாகத் தெரிந்தாலும் ஆறு வார வாக்கில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.