இன்னா செய்யாமையும் ஓர் ஆங்கிலச் சொல்லும்



பெண் கொடுக்கப் பையனைப் பற்றி விசாரிக்கும் இடத்தில் "பையன் ரொம்ப இன்னசென்ட்" என்று ஒருவர் சொன்னால், கேட்பவர் சற்றே தயங்குவார். தீய பழக்கம் எதுவும் இல்லாதவன் என்று புகழ்கிறாரா, உலகம் தெரியாதவன் என்று எச்சரிக்கிறாரா? சொன்னவருடைய குரலைக் கொண்டுதான் பொருளை முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தமிழ் வீடுகளில் இன்று தமிழ்ச்சொல் போலவே புழங்கும் இந்த ஆங்கிலச் சொல், பிறந்த காலத்தில் இவ்விரண்டையும் குறிக்கவில்லை. அது குறித்த பொருள் சமணர் செவிக்கு மிக நெருக்கமானது.

'இன்னசென்ட்' இலத்தீன் மொழியிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்கு வந்தது. இலத்தீனில் 'நொக்கேரே' என்பது தீங்கு செய்தலைக் குறிக்கும் வினை. 'நொக்கென்ஸ்' என்றால் தீங்கு செய்பவன். முன்னே நிற்கும் 'இன்' எதிர்மறை முன்னொட்டு. ஆக, 'இன்னொக்கென்ஸ்' என்றால் தீங்கு செய்யாதவன். 'ஹிம்சை' என்பதன் முன் 'அ' சேர்ந்து 'அஹிம்சை' ஆனது எவ்வாறோ, அவ்வாறே இச்சொல்லும் அமைந்தது. உடன்பாட்டுச் சொல்லால் கூறாமல், செய்யாமை ஒன்றையே பண்பாக்கிப் பெயரிட்ட முறை இரண்டிலும் ஒன்றே. திருக்குறளின் 32ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'இன்னாசெய்யாமை' என்பதும் இவ்வாறே அமைந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. 'இன்னா', 'இன்னசென்ட்' என்று இரண்டும் ஒலியில் ஒத்திருப்பதைக் கண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததாகக் கருதிவிடக் கூடாது. தமிழின் 'இன்னா' இனிமையைக் குறிக்கும் 'இன்' என்பதன் எதிர்மறை. இலத்தீனின் 'இன்' தானே எதிர்மறை. ஒலி ஒப்புமை தற்செயலானது. இத்தகைய ஒப்புமைகளைக் கொண்டு வேர்ச்சொல் காட்டி மகிழும் வழக்கம் விழா மேடைகளில் பெருகிவிட்டது. தமிழுக்கு அதனால் பெருமை எதுவும் சேர்வதில்லை. உண்மையான உறவு வேறோரிடத்தில் இருக்கிறது. 'நொக்கேரே' என்னும் வினைக்கும் வடமொழியின் 'நாசம்' என்னும் சொல்லுக்கும் வேர் ஒன்றே என்பது மொழியியலார் முடிபு. அழிவு, சாவு என்பன அவ்வேரின் பொருள். "பயிர் நாசமாயிற்று" என்று நம் உழவர் சொல்லும்போது, அந்த ஆங்கிலச் சொல்லின் தூரத்து உறவினரைத்தான் அழைக்கிறார்கள். காவல் நிலையங்களில் 'நியூசன்ஸ் கேஸ்' என்கிறார்களே, அந்த 'நியூசன்ஸ்' இன்னும் நெருங்கிய உறவு. ஆங்கிலத்தில் முதலில் ஊறு, கேடு என்னும் கடும்பொருளில் வழங்கிய அச்சொல், பின்னர் தொந்தரவு என்னும் அளவிற்கு மெலிந்துவிட்டது.

பொருள் நகர்ச்சி உரோமாபுரியிலேயே தொடங்கியது. தீங்கு செய்தவன் குற்றவாளி. ஆகவே தீங்கு செய்யாதவன் குற்றமற்றவன். நீதிமன்றம் இச்சொல்லைத் தனதாக்கிக்கொண்டது. குற்றமற்ற ஒருவனைத் தண்டிப்பதைவிடக் குற்றவாளி ஒருவன் தப்புவது மேல் என்று பேரரசர் திராயான் அறிவித்ததாக உரோமச் சட்டத் தொகுப்பு கூறும் இடத்தில் இவ்விரு சொற்களும் எதிரெதிராக நிற்கின்றன. அன்று முதல் இன்றுவரை நீதிமன்றத்தில் 'இன்னசென்ட்' என்றால் நிரபராதி. ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. ஒருவன் எந்த உயிருக்கும் தீங்கு செய்யாதவனா என்று நீதிமன்றம் கேட்பதில்லை. சாட்டப்பட்ட அந்த ஒரு குற்றத்தைச் செய்தானா என்பதோடு அதன் கேள்வி முடிந்துவிடுகிறது. நாள்தோறும் ஆடுகளை வெட்டுகிறவனும் அங்கே நிரபராதியாக வெளியே வரலாம்.

பின்னர் அச்சொல் சமய உலகில் ஏறிய உயரம் பெரிது. கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர்களாகிய போப்பாண்டவர்களில் 13 பேர் 'இன்னசென்ட்' என்னும் பெயரைச் சூடினர். அவர்களுள் மூன்றாம் இன்னசென்ட் 1198 முதல் 1216 வரை பதவியில் இருந்தவர், ஆற்றல் மிக்கவர். அவர் காலத்தில் பிரான்சின் தென்பகுதியில் 'கத்தார்' என்னும் பிரிவினர் வாழ்ந்தனர். தூயோர் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்த பெயர் அது. அவர்களுள் நோன்பு பூண்டோர் இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றை விலக்கினர். விலங்கையோ பறவையையோ கொல்லவும் மறுத்தனர். உயிர் மீண்டும் மீண்டும் உடலெடுக்கிறது என்றும் நம்பினர். இதைக் கொண்டு அவர்களைச் சமணரோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. அவர்கள் மீன் உண்டனர். பருப்பொருள் உலகமே தீயது என்பதுதான் அவர்களுடைய விலக்கிற்கு அடிப்படை. எனினும் கொலைமறுத்தல் அவர்கள் ஒழுக்கத்தின் கண்ணாக இருந்தது. 1209ஆம் ஆண்டில் மூன்றாம் இன்னசென்ட் அவர்கள்மீது சிலுவைப்போர் தொடுக்கச் செய்தார். அவ்வாண்டு ஜூலையில் பெசியே நகரம் வீழ்ந்தபோது, கத்தார் என்றும் கத்தோலிக்கர் என்றும் வேறுபாடு பாராமல் மக்கள் வெட்டி வீழ்த்தப்பட்டனர். தீங்கு செய்யாதவன் என்னும் பெயரைத் தாங்கியவரின் ஆணையால், உயிர்க்கொலை மறுத்தோர்மீது படை சென்றது. இதைவிடக் கசப்பான முரண் சொற்களின் வரலாற்றில் அரிது.

இதற்கும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னர், ஜெர்மனியின் கோஸ்லார் நகரில் சிலர் மதத்துரோகிகள் என்று தூக்கிலிடப்பட்டனர். ஒரு கோழியைக் கொல்லச் சொன்னபோது மறுத்தது அவர்களுக்கு எதிரான சான்றாயிற்று என்று லியேஜ் நகரத்து அன்செல்ம் மனம் வருந்தி எழுதிவைத்திருக்கிறார்.

சொல்லின் அடுத்த இடமாற்றம் அமைதியாக நிகழ்ந்தது. பெத்லகேமில் ஏரோது மன்னன் கொல்லச் செய்த பச்சிளங் குழந்தைகளை 'இன்னசென்ட்ஸ்' என்று திருச்சபை போற்றியது. தமிழ்க் கத்தோலிக்கர் டிசம்பர் 28ஆம் நாளை மாசில்லாக் குழந்தைகள் திருநாளாகக் கொண்டாடுவர். குழந்தை எவர்க்கும் தீங்கு செய்ததில்லை. ஆகவே பெயர் பொருத்தமே. ஆனால் குழந்தை செய்யாதது, செய்ய அறியாததால். சொல் குழந்தையோடு பழகப் பழக, செய்யாமை பின்னே சென்று அறியாமை முன்னே வந்தது. அறிவு வளர்ச்சி குன்றியவரை 'இன்னசென்ட்' என்று குறிக்கும் வழக்கும் ஆங்கிலத்தில் தோன்றிற்று. கவிஞர் வில்லியம் பிளேக் 1789இல் வெளியிட்ட கவிதை நூலின் பெயரில் இச்சொல் உண்டு. 1794இல் அதற்கு இணையாக அவர் சேர்த்த பகுதியின் பெயரில் அதற்கு எதிராக நிற்பது தீங்கு என்னும் சொல்லன்று, அனுபவம் என்னும் சொல். அதற்குள் சொல்லின் எதிர்ப்பதமே மாறிவிட்டிருந்தது.

ஆங்கிலேயரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. 'சாது' என்னும் சொல்லைப் பாருங்கள். பஞ்ச நமஸ்கார மந்திரத்தின் முடிவில் நாம் வணங்குவது சாதுக்களை. புலன்களை வென்று மாவிரதம் ஐந்தையும் சுமக்கும் துறவியரை. அதே சொல்லை மாட்டுச் சந்தையில் கேட்கிறோம்: "முட்டாது, சாதுவான மாடு." எதிர்த்துப் பேசத் தெரியாத மருமகளையும் சாது என்கிறோம். வலிமையின் பெயராக இருந்தது வலிமையின்மைக்குப் பெயராயிற்று. 'சாது மிரண்டால் காடு கொள்ளாது' என்னும் பழமொழி ஒன்றுதான் பழைய வலிமையைச் சற்றே நினைவில் வைத்திருக்கிறது. அதுவும் மிரள வேண்டியிருக்கிறது!

இம்மாற்றம் சொல்லளவில் நின்றுவிட்டால் கவலையில்லை. தீங்கு செய்யாதவன் என்பதும் ஏதும் அறியாதவன் என்பதும் ஒன்றே என்னும் எண்ணம் அதனோடு ஊர்ந்து வருகிறது. சமண நெறிக்கு இதைவிட மாறான எண்ணம் இல்லை. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்தில், உயிர் பிரிந்தது என்பதோடு நில்லாமல், விழிப்பற்ற மன மொழி மெய்ச் செயலால் பிரிந்ததா என்பதையும் இலக்கணத்துள் சேர்க்கிறது. புருஷார்த்த சித்தியுபாயத்தில் அமிர்தசந்திர ஆசாரியர் இதை விரித்துரைப்பார்: பார்த்து நடக்கும் ஒருவர் காலடியில் தற்செயலாகச் சிற்றுயிர் மடிந்தாலும் அவர்க்கு ஹிம்சை இல்லை, பாராமல் நடப்பவன் காலடியில் ஓர் உயிரும் மடியாவிட்டாலும் அவனுக்கு ஹிம்சை உண்டு. ஆகவே அறியாமை இங்கே மன்னிப்புச் சீட்டு ஆகாது. நீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் பாட்டியும், பொழுது சாயுமுன் உண்டு முடிக்கும் தாத்தாவும், ஓரறிவுயிர் முதல் ஐயறிவுயிர் வரை எவை எங்கே வாழ்கின்றன என்று கேட்டு அறிந்தே அவற்றைச் செய்தனர்.

பழைய பொருள் முற்றும் மறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, ஒரு நாட்டின் கடற்பரப்பை அதன் அமைதிக்கும் ஒழுங்கிற்கும் பாதுகாப்பிற்கும் கேடின்றிக் கடக்கும் கப்பலின் பயணத்தை 'இன்னசென்ட்' பயணம் என்றே குறிக்கிறது. குழந்தையின் நெஞ்சில் கேட்கும் ஒருவகை முணுமுணுப்பொலி இதயக் கோளாறு எதையும் குறிப்பதன்று என்று தெரிந்தால், மருத்துவர் அதை 'இன்னசென்ட் மர்மர்' என்பார். பெற்றோர் அதைக் கேட்டு நிம்மதி கொள்கின்றனர்.

வெளிநாட்டில் வளரும் பேரக்குழந்தைகள் அணுவிரதங்களுள் முதலாவதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று கேட்கிறார்கள். சொல்லமைப்பால் 'இன்னசென்ஸ்' என்பதே நேரான மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த விரதத்தை ஏற்பதாகச் சொன்னால் அவர்கள் வகுப்புத் தோழர் நகைப்பர். 'நான் வயலன்ஸ்' என்பது அடிதடியின்மையோடு நின்றுவிடுகிறது. கடுஞ்சொல்லும் உள்ளத்துப் பகையும் அதற்குள் அடங்குவதில்லை. 'நான் இஞ்சுரி' சற்று நெருங்குகிறது, எனினும் சட்டநூல் வாடை வீசுகிறது. இப்போது அவர்கள் மொழிபெயர்க்காமலே 'அஹிம்சா' என்கிறார்கள். ஆங்கில அகராதிகள் அச்சொல்லை ஏற்றுக்கொண்டுவிட்டன. 'ஏ' எழுத்தின் கீழே தேடினால் கிடைக்கும்.