கனகாலம் நின்ற மோட்டார் சைக்கிளை ஸ்ராட் பண்ணுவது எப்படி?

(ஊருக்குத் திரும்பவுள்ள குடும்பங்களுக்காக வெள்ளவத்தையிலும் பின்னர் கொட்டாஞ்சேனையிலும் நடந்த தகவல் அமர்வுகளில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)



கிணறு இறைப்பது, காணி உறுதி, பிள்ளைகளின் பாடசாலை இடமாற்றம் என்று முக்கியமான விடயங்களை எனக்கு முன்னால் பேசியவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தந்திருப்பது நீங்கள் விட்டுவந்த மோட்டார் சைக்கிள். இதற்கும் ஒரு பேச்சா என்று சிலர் சிரிக்கிறீர்கள். பஸ் ஒழுங்காக ஓடத் தொடங்காத இடத்தில், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கூடினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அது ஒன்றுதான் இருக்கும். கூரைக்கென்று தரப்படும் காசில் பாதியைக் கராஜில் கொடுத்துவிட்டுத் தறப்பாளுக்குக் கீழே இருப்பவர்களும் இருக்கிறார்கள். நின்றுபோன வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெரிய செலவு தேவையில்லை. அதனால்தான் கதைக்க வந்தேன்.

முதலாவது, வண்டியைக் கண்டவுடன் ஓடிப்போய்ப் பிடிக்காதீர்கள். வளவின் பற்றைக்குள்ளோ, இடிந்த சுவருக்குக் கீழோ கிடந்தால் அந்த இடம் மிதிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கிராம சேவையாளரிடம் கேளுங்கள். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை, சிவப்பு மை பூசிய தடி ஏதாவது தெரிந்தால் வந்த காலடியிலேயே திரும்புங்கள். வண்டியில் கட்டியிருக்கும் பையையும் பெட்டியையும் தெரியாமல் திறக்க வேண்டாம். எட்டிய இடத்தில் உங்கள் வண்டி கண்ணுக்குத் தெரிந்தும் தொட முடியாமல் நிற்பது கஷ்டம்தான். ஆனாலும் நில்லுங்கள்.

வண்டி பத்திரமான இடத்துக்கு வந்ததும் சேஸிஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் பாருங்கள். துருவைத் துடைத்துவிட்டு மேலே ஒரு மெல்லிய கடதாசியை வைத்துப் பென்சிலால் உரசினால் இலக்கம் அப்படியே வரும். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால் நாரஹேன்பிட்டி மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பிரதி எடுக்க இந்த இலக்கங்கள் உதவும். கொழும்பில் இருக்கும்போதே அதைத் தொடங்கிவிட்டால் திரும்ப ஒருமுறை வரும் பஸ் காசு மிச்சம். மற்றவருடைய வண்டி என்று தெரிந்தால் எடுக்காதீர்கள். அவரும் திரும்பி வரத்தான் போகிறார்.

இப்போது எல்லோரும் செய்யும் பிழைக்கு வருவோம். தூசு தட்டுவார்கள், பெற்றோல் ஊற்றுவார்கள், உதைக்கத் தொடங்குவார்கள். நாலு வருடம் நின்ற எஞ்சினுக்குள் பிஸ்டன் றிங் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். பலத்துக்கு உதைத்தால் றிங் உடையும், இல்லாவிட்டால் கிக்கர் வழுக்கும். உதைப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, ஓட்டையைச் சீலைத்துண்டால் மூடி, ஒரு இரவு விடுங்கள். அடுத்தநாள் டொப் கியரில் போட்டுப் பின் சில்லைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் உருட்டுங்கள். அசைந்தால் தப்பியது. அசையாவிட்டால் இன்னும் ஒயில் விட்டு இன்னொரு நாள் பொறுங்கள். அவசரம் வேண்டாம்.

பழைய எஞ்சின் ஒயிலையும் இறக்கிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளில் இதைக் காணலாம். அப்படியானால் புது ஒயில் விட்டு, சிறிது நேரம் ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டுத் திரும்பப் புது ஒயில் விட வேண்டும். சின்ன ஹொண்டா வண்டிகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு லீற்றருக்கும் குறைவாகத்தான் தேவைப்படும்.

அடுத்தது தாங்கி. பழைய பெற்றோல் ஆவியாகிப் பிசின்போல ஒட்டும், புளித்த வார்னிஷ் மணம் அடிக்கும். அதை வைத்துக்கொண்டு ஒரு வண்டியும் ஸ்ராட் ஆகாது. இன்னொரு சிக்கல் எங்கள் ஆட்களுக்கே உரியது. 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் ஓடியவர்கள். சின்னப் போத்தலில் பொக்கிஷம்போல வைத்திருந்த பெற்றோலில் நாலு துளியைக் காபரேட்டருக்குள் விட்டு உதைத்து, பிறகு மண்ணெண்ணெயில் புகைவிட்டுக்கொண்டு போன காலம் இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் துணிச்சலை நான் குறைசொல்லவில்லை. ஆனால் அந்தக் காலத்து வண்டிகளில் பிளக்கிலும் வால்விலும் கரி தடித்துப்போய் இருக்கும், ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அதை நீர்க்கச் செய்திருக்கும். இனி அந்தப் பழக்கம் தேவையில்லை. தாங்கியை முழுதாக வடியுங்கள். உள்ளே துரு இருந்தால் ஒரு சாண் பழைய சங்கிலித் துண்டும் கொஞ்சப் பெற்றோலும் போட்டுக் குலுக்கி ஊற்றுங்கள். இதைப் பகலில், வெளியில் செய்யுங்கள். கரண்ட் வராத வீட்டில் குப்பிவிளக்கு வெளிச்சத்தில் பெற்றோல் வேலை செய்யவே கூடாது. சுருட்டுக்காரர் ஐயாமாருக்கும் இது பொருந்தும்.

காபரேட்டருக்குக் கீழே கிண்ணம்போல ஒரு பகுதி இருக்கும். அதைக் கழற்றினால் பச்சைப் பிசினும் மண்ணும் தெரியும். உள்ளே இரண்டு ஜெற் உண்டு. அவற்றில் சின்னதான பைலட் ஜெற்றின் ஓட்டை மயிரிழை அளவுதான். எஞ்சின் எடுக்காததற்குப் பாதிக் காரணம் அந்த ஓட்டைதான். ஊசியால் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிட்டால் பிறகு ஒருநாளும் ஒழுங்காக ஓடாது. பழைய வயர் ஒன்றை உரித்து, உள்ளே இருக்கும் செப்பு இழையில் ஒன்றை மட்டும் எடுத்து விடுங்கள். பிறகு சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள். வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒரு புள்ளி தெரிய வேண்டும்.

சரி, பூட்டிவிட்டோம். புதுப் பெற்றோல் ஒரு லீற்றர் போதும். சோக்கை இழுத்துப் பத்துத்தரம் உதைத்தும் எடுக்கவில்லை. இந்த இடத்தில்தான் கோபம் வந்து நாற்பதுதரம் உதைப்போம். வேண்டாம். பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். ஈரமா, காய்ந்திருக்கிறதா? அந்த ஒரு கேள்விதான் முழு வைத்தியமும்.

காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. டப்பைத் திறந்தீர்களா? சிரிக்காதீர்கள், கராஜுக்கு உருட்டி வந்த வண்டிகளில் டப் பூட்டியே இருந்ததைக் கண்டிருக்கிறேன். திறந்திருந்தால் காபரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பெற்றோல் ஓடுகிறதா பாருங்கள். ஓடினால் அடைப்பு காபரேட்டரில். ஓடாவிட்டால் டப்பில் அல்லது தாங்கியில். தாங்கி மூடியில் காற்றுப் போக ஒரு சிறு துவாரம் உண்டு. அது அடைத்திருந்தால் வண்டி ஸ்ராட் ஆகும், சந்திமட்டும் போகும், நின்றுவிடும். மூடியைத் திறந்து மூடினால் திரும்ப ஓடும். இந்த விளையாட்டில் எத்தனை பேர் நல்ல காபரேட்டரை எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்களோ!

ஈரமாக இருந்தால் பெற்றோல் வருகிறது, நெருப்புத்தான் பற்றவில்லை. பிளக்கைத் துடைத்துக் காயவைத்துத் தொப்பியில் மாட்டுங்கள். அதன் உலோக உடம்பு எஞ்சினில் முட்டும்படி, ஆனால் பிளக் ஓட்டைக்குத் தள்ளி, நிழலில் வைத்துச் சுவிச்சைப் போட்டு உதையுங்கள். தொப்பியின் றப்பரில் மட்டும் பிடியுங்கள், பிளக்கில் பிடித்தால் அடிக்கும். நீலமாகச் சடக்கென்று பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பலாக வந்தால் முதலில் பிளக்கை மாற்றுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை. பொறியே இல்லையா? பொயின்ற் உள்ள பழைய வண்டி என்றால் பொயின்ற்றில் பூஞ்சணம் பிடித்திருக்கும், மெல்லிய அரத்தாள் ஒன்றை இடையில் விட்டு உரசுங்கள். சீ.டி.ஐ. உள்ள ஹொண்டா என்றால் கறுப்பில் வெள்ளைக்கோடு போட்ட வயரைத் தேடுங்கள். எஞ்சினை நிறுத்துவதற்காகச் சுவிச்சுக்குப் போகும் வயர் அது. எலி கடித்து அல்லது சுவிச் துருப்பிடித்து அது உடம்பில் முட்டிக்கொண்டிருந்தால் ஒருக்காலும் பொறி வராது. அதைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். பொறி வந்தால் குற்றம் சுவிச்சில்தான், சீ.டி.ஐ. வாங்கத் தேவையில்லை. சோதனை முடிந்ததும் வயரைத் திருத்திப் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திறப்பால் எஞ்சினை நிறுத்த முடியாது.

பற்றரி செத்துவிட்டதே என்று பயப்படுபவர்களுக்கு: சின்ன வண்டிகள் பலவற்றில் பொறி மக்னெற்றிலிருந்தே வருகிறது, பற்றரி இல்லாமலும் உதைத்து எடுக்கலாம்.

பொறியும் உண்டு, பெற்றோலும் உண்டு, இன்னும் எடுக்கவில்லை என்றால் பெரும்பாலும் உதைத்து உதைத்துப் பெற்றோல் நிறைந்துவிட்டது. டப்பைப் பூட்டி, சோக்கை எடுத்துவிட்டு, அக்சிலேற்றரை முழுதாகத் திருகிப் பிடித்துப் பத்துத்தரம் உதையுங்கள். சைலன்சருக்குள்ளும் பாருங்கள், குளவி கூடு கட்டியிருக்கும். கடைசியாகப் பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அடைத்துக்கொண்டு உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் ஒரு கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். இப்போது தள்ளினால் றிங் தேய்ந்திருக்கிறது, மாற்றம் இல்லையென்றால் வால்வு. இது மட்டும் மெக்கானிக்கின் வேலை. அவரிடம் போகும்போது இத்தனையும் பார்த்தேன் என்று சொல்லுங்கள், அவர் உங்களிடம் வேறு கதை சொல்ல மாட்டார்.

போக முன் சாமான் வாங்க வேண்டுமென்றால் பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். வெள்ளவத்தையிலிருந்து 100 அல்லது 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து அங்கிருந்து போகலாம், கொட்டாஞ்சேனைக்காரருக்குக் கிட்டடி. பிளக் ஒன்று, பிளக் கழற்றும் ஸ்பானர், ஒரு முழம் பெற்றோல் குழாய், பியூஸ் இரண்டு, கிளட்ச் கேபிள் ஒன்று. இவ்வளவும் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். பழைய பிளக்கைக் கொண்டுபோய் அதில் உள்ள எழுத்தையும் இலக்கத்தையும் காட்டி வாங்குங்கள். மரை நீளம் கூடிய பிளக்கைப் பூட்டினால் பிஸ்டனில் இடிக்கும். இங்கேயே வண்டி வாங்கி வவுனியாவரை ரயிலில் அனுப்புபவர்கள் தாங்கியைக் காலியாக்கிவிட்டே கொடுங்கள். பஸ்ஸில் போத்தலில் பெற்றோல் கொண்டுபோகவே வேண்டாம்.

வண்டி எடுத்துவிட்டது என்று உடனே மனைவி பிள்ளையை ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். பிறேக்கைக் கழற்றித் துரு துடையுங்கள். வெயிலில் நின்ற ரயரின் பக்கத்தில் வெடிப்புத் தெரிந்தால் மாற்றும்வரை வீட்டு வாசலோடு ஓடுங்கள். வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும், அதற்கு முன் காப்புறுதி எடுக்க வேண்டும்.

பழைய பிளக் கொண்டுவந்தவர்கள் இந்த மேசைக்கு வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அந்தப் பக்கத்தில் நிற்கும் தங்கச்சிமாரும் வாங்கோ, ஊரில் அதை ஓட்டப்போவது நீங்களும்தானே.