காதிரைச்சலும் மனக்கலக்கமும்: மலேரியா மருந்தும் தோட்டத் தமிழும்



மருந்தைப் பற்றி மருத்துவரன்றோ பேசவேண்டும், மொழியியலார்க்கு இங்கே என்ன வேலை என நீங்கள் எண்ணக்கூடும். நோய்க்குறிகளுள் சில கண்ணுக்குப் புலப்படும். சில நோயாளியின் சொல்லால் மட்டுமே வெளிப்படும். மலேரியா மருந்துகள் நரம்பையும் மனத்தையும் தாக்கும்போது தோன்றுவன பெரும்பாலும் இரண்டாம் வகையின. மருத்துவரைச் சென்றடையுமுன் அவை மொழியைக் கடந்தாக வேண்டும்.

கெடாவின் கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரங்களில் காடழித்து இரப்பர் பயிரிட்ட தலைமுறை இந்நோயை நன்கறியும். மலைச்சரிவுகளில் நிழல் நீங்கி வெயில் பட்ட ஓடைகளில் மலேரியாக் கொசு பெருகியது. தமிழர் அந்நோயைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் வழங்கினர். அதனால் வீங்கிய மண்ணீரல் காய்ச்சற்கட்டி எனப்பட்டது. மலாய் மொழியின் 'டெமாம் கூரா' என்னும் தொடரும் மண்ணீரலைக் கொண்டே அமைந்ததாகும். கண்டதும் தொட்டதும் எளிதிற் பெயர் பெற்றன.

மருந்தின் பெயர் கொய்னா. தென்னமெரிக்கக் கெச்சுவா மொழியில் 'கினா' என்பது மரப்பட்டையைக் குறிக்கும் என்பர். அச்சொல்லே ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்தது. சிங்கோனாப் பட்டையின் இக்கசப்புச் சத்தை 1820இல் பிரெஞ்சு வேதியியலார் பெல்லத்தியேயும் காவந்துவும் பிரித்தெடுத்தனர். எண்ணற்ற உயிர்களைக் காத்த மருந்து அது. எனினும் அளவு மிகுந்தால் காதிரைச்சல், செவிமந்தம், தலைசுற்றல், பார்வை மங்கல் ஆகியன தோன்றும். மருந்தை நிறுத்தினால் அவை பெரும்பாலும் நீங்கும்.

1930களில் அட்டெப்ரின் என்னும் செயற்கை மருந்து மலாயாவுக்கு வந்தது. உண்டவர் தோல் மஞ்சளாயிற்று. அதனை எவரும் கண்டனர். மனத்தில் நிகழ்ந்ததைக் காண்பது எளிதன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த கிங்ஸ்பரி, அட்டெப்ரின் பெற்ற மலேரியா நோயாளிகளிடம் தோன்றிய மனப்பிறழ்வைப் பற்றி 1934இல் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் எழுதினார். இரண்டாம் உலகப்போரில் அம்மருந்தை உண்ட போர்வீரர் சிலரிடமும் அத்தகைய நிலையை மருத்துவர்கள் பதிவு செய்தனர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மூளையைத் தாக்கும் மலேரியாவும் பிதற்றலையும் மயக்கத்தையும் உண்டாக்கும். தமிழர் இரண்டையும் ஜன்னி என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். நோயால் வந்ததா, மருந்தால் வந்ததா? மருந்துண்ணுமுன் இருந்ததா, பின் தொடங்கியதா? காய்ச்சல் தணிந்த பின்னும் நீடித்ததா? இவ்வினாக்களுக்கு நோயாளியோ உடனிருந்தோரோதாம் விடை கூறவேண்டும்.

தோட்டத் தொழிலாளி கூறியது தமிழ்; வெள்ளைக்கார மருத்துவர் எழுதியது ஆங்கிலம்; இடைநின்றவர் டிரெஸர். மயக்கம் என்னும் சொல் ஒருவருக்கு நினைவிழத்தல், மற்றொருவருக்குத் தலைசுற்றல். கிறுகிறுப்பு வேறு, தள்ளாட்டம் வேறு. ஒருவர் 'மனசு சரியில்லை' என்றால் அது கவலையாகலாம். பெருநோயின் தொடக்கமும் ஆகலாம். மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாடு மறைந்தால் அறிகுறியும் மறைந்துவிடும்.

இது பழங்கதையன்று. மெஃப்ளோகுயின் என்னும் மலேரியா மருந்தினால் வரும் தலைசுற்றல், நிலைதடுமாற்றம், காதிரைச்சல் ஆகியன சிலர்க்கு நிலைத்துவிடவும் கூடும் என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. அச்சம், மனச்சோர்வு, இல்லாதன காணல் ஆகியவற்றையும் அது சுட்டியது. மலேசியாவில் மனித மலேரியா உள்நாட்டில் பரவுவது 2018 முதல் நின்றுள்ளது. குரங்கு மலேரியா தொடர்கிறது. மலேரியா உள்ள நாடுகளுக்குச் செல்வோர்க்கு இன்றும் தடுப்பு மருந்து தரப்படுகிறது.

ஆதலின் மருந்துக்கு அஞ்சுமாறு நாம் கூறவில்லை. மலேரியா உயிர் குடிக்கும் நோய். வலிப்போ மனநோயோ முன்பு வந்திருப்பின் மருந்து பெறுமுன் மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்டபின் கெட்ட கனவோ கலக்கமோ தோன்றினால் 'மயக்கமாக உள்ளது' என்று நிறுத்தாமல் எப்போது, எவ்வாறு என விளங்கக் கூறுங்கள். மாணவர்களே, தோட்டத்து முதியோரிடம் நோய்ச் சொற்கள் இன்னும் உள்ளன. ஒவ்வொன்றும் எதனைக் குறித்தது எனக் கேட்டு எழுதுங்கள். நாளைய மருத்துவர்க்கும் அவ்வகராதி பயன்படும்.