நம் கதை யாருடைய குரலில்?
(மாதர், இளைஞர் அணிகளின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நூதனசாலைகள் பற்றிப் பேசப் போகிறோம். நாட்சம்பளம் இழுபறியில் கிடக்கும்போது நூதனசாலை எதற்கு என்று பின்வரிசையில் சிலருடைய முகம் கேட்கிறது. கேட்கட்டும். சம்பளம் பேசும் மேசையில் நம்மைப் பற்றி மற்றவர்கள் மனதில் என்ன படம் இருக்கிறது என்பதும் ஒரு கணக்குத்தான். அந்தப் படத்தை இன்று எழுத்து மட்டும் உண்டாக்குவதில்லை. திரையும் ஒலியும் சேர்ந்து உண்டாக்குகின்றன.

மலைநாட்டுக்கு வரும் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படும் படங்களை நாமும் பார்த்திருக்கிறோம். பனிமூட்டம், பச்சை மலை, புல்லாங்குழல், கூடையோடு சிரிக்கும் ஒரு பெண். அவள் சிரிப்பாள், பேசமாட்டாள். பேசுவது வேறொருவர். அட்டை கடித்த கால் அந்தப் படத்தில் வராது, மழையில் நனைந்த படங்கும் வராது.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. பழைய இயந்திரங்களையும் ஜேம்ஸ் டெய்லர் பற்றிய பொருட்களையும் அங்கே பேணி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட வேண்டிய இடம். கம்பளைக்கு அருகே பழைய பீக்கொக் தோட்டத்தில் வேறொன்று இருக்கிறது. லயக் காம்பிராக்களையே நூதனசாலையாக்கி, தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கைக்காக 2007இல் திறந்தார்கள். தங்கள் பாட்டி சமைத்தது போன்ற ஒரு காம்பிராவுக்குள், அங்கே வைத்திருக்கும் பொருட்களைப் பார்க்கக் குனிந்து நுழையும் பிள்ளைக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியார் ஒருவர் வந்தால் நிலைமை வேறு. அவருக்கு அது ஒரு சிறிய இருட்டறை, அவ்வளவுதான். ஒலியும் ஒளியும் உதவுவது அவருக்குத்தான்.

‘துண்டு’ என்று ஒன்று இருந்ததைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கடனைத் தீர்த்தால் இந்த ஆளை விடுவிக்கிறோம் என்று தோட்டத்தில் எழுதிக் கொடுத்த சீட்டு. அந்தக் கடனைத் தலையில் சுமந்துகொண்டுதான் நம் ஆட்கள் தோட்டம் மாறினார்கள். 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். அப்படியொரு சீட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், பார்ப்பவருக்கு அது பழைய காகிதம். பெட்டிக்கு மேலே ஒரு சிறு ஒலிபெருக்கியைத் தொங்கவிட்டு, ஒரு குடும்பத்தின் கடன் தலைமுறை தாண்டி வந்த விதத்தை அந்தக் குடும்பத்தின் வாயாலேயே சொல்ல வைத்தால் அந்தக் காகிதம் பேசும். அடியில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும்படி ஒலியைக் குவிக்கும் கருவிகள் இப்போது உண்டு. ஆள் வந்து நின்றதும் தானாகத் தொடங்கி, போனதும் நின்றுவிடும் ஏற்பாடும் உண்டு. வெள்ளையடித்த லயச் சுவரையே திரையாக்கிப் படம் காட்டலாம்.

ஆனால் கருவி வந்துவிட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பிரித்தானியாவின் வேல்ஸ் பகுதியில் பிளெனாவன் என்ற ஊரில் ‘பிக் பிட்’ என்றொரு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1980இல் அகழ்வு நின்றது, 1983இல் நூதனசாலையாகத் திறந்தார்கள். வருகிறவர்களுக்குத் தலைக்கவசமும் விளக்கும் கொடுத்து, இரும்புக் கூண்டில் 90 மீற்றர் கீழே இறக்குகிறார்கள். வாயு தீப்பிடிக்கும் அபாயம் என்பதால் போன், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் மேலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கீழே வழிகாட்டுவது சுரங்கத்தில் வேலை செய்த தொழிலாளியே. ஓரிடத்தில் எல்லாருடைய விளக்கையும் அணைக்கச் சொல்வார். தன் கையே தனக்குத் தெரியாத அந்த இருட்டுக்கு ஈடாக எந்தத் திரையைக் கொண்டு வருவது?

அதே இடத்தில் தரைக்கு மேலே, நவீன சுரங்கத்தில் வேலை எப்படி நடக்கும் என்பதைத் திரையில் தோன்றும் ஒரு தொழிலாளி சொல்லும் காட்சிக்கூடமும் வைத்திருக்கிறார்கள். இரண்டும் வேண்டும். சுரங்கங்கள் மூடப்பட்டபின் அந்த வேலை தெரிந்தவர்களுக்கும் வயது ஏறிக்கொண்டே போகிறது. அமெரிக்காவில் அல்கட்ராஸ் தீவுச் சிறை 1963இல் மூடப்பட்டது. இன்று அங்கே போகிறவர்கள் காதில் மாட்டும் கருவியில் கேட்பது, அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களும் காவலாளிகளும் தாமே பேசிய பேச்சு. ஆள் இல்லாமற்போனாலும் குரல் அங்கே இருக்கிறது.

இனி நம் லயத்துக்கு வருவோம். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இங்கே பிரஜாவுரிமை கொடுக்கவும் நம்மைக் கேட்காமலே கணக்குப் போட்டார்கள். எழுபதுகளில் தலைமன்னாருக்குப் போன ரயிலை நம்மவர்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றார்கள். 1974இல் பத்து வயதில் மேடையில் நின்று மாமன் மகளுக்குக் கையசைத்த பிள்ளை இன்று அறுபதைத் தாண்டிவிட்டது. அந்தப் பிள்ளையின் அம்மாவை இனி எங்கே தேடுவது? 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த நடையின் போட்டோக்கள் எல்லாருடைய போனிலும் இருக்கின்றன. தொங்கல் லயத்துப் பாட்டியின் குரல் எத்தனை பேருடைய போனில் இருக்கிறது?

நம் பிள்ளைகள் கையில் இருக்கும் போனே போதும். டிக்டொக்குக்குத் தேயிலை மலையில் ஆடத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய வித்தை இல்லை. படம் பிடிக்க வேண்டாம், முதலில் குரல் மட்டும் எடுங்கள். கெமராவைக் கண்டால் நம் பெரியவர்கள் நல்ல சேலை தேடப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பேச்சும் சேலை கட்டிக்கொண்டு வரும். போனை விமான நிலையில் போட்டு, மடித்த துணியின்மேல் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தகரக் கூரையில் பெருமழை கொட்டும் நேரத்தைத் தவிருங்கள். அவர் பேச்சை நிறுத்தினால் அடுத்த கேள்வியை அவசரமாகப் போடாதீர்கள், பொறுத்திருங்கள். அந்த மௌனத்தையும் வெட்ட வேண்டாம். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டந்தான்’ என்று முடித்துவிடுவார்கள். விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தது யார், பிள்ளையை எங்கே விட்டுவிட்டு மலைக்குப் போனீர்கள், முதல் நாள் எத்தனை றாத்தல் எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.

அனுமதி இல்லாமல் ஒரு வார்த்தையும் பதிய வேண்டாம். பெயரைப் போடலாமா, எங்கே ஒலிபரப்பலாம் என்பதையும் அவரே சொல்லி அதுவும் பதிவில் இருக்கட்டும். ஒரு பிரதி குடும்பத்துக்கு, ஒன்று பாடசாலைக்கு, ஒன்று சங்கத்துக்கு. ஹோட்டல்காரரோ கம்பனியோ வந்து கேட்டால் குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் கொடுப்பதில்லை. சம்மதித்தால் அதற்குரிய கொடுப்பனவையும் பேசியே கொடுப்போம். கொழுந்துக்கு நிறுவை உண்டென்றால் குரலுக்கும் உண்டு.

சிங்களத்திலும் மொழிபெயர்க்க வேண்டும். பக்கத்துக் கிராமத்து மக்கள் கேட்காவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். மொழிபெயர்ப்புக் குரலுக்குக் கீழே பாட்டியின் தமிழ் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

இரண்டு சிறிய ஒலிவாங்கிகள் சங்க அலுவலகத்தில் இருக்கின்றன, இரவல் வாங்கலாம். ஒவ்வொரு டிவிஷனிலும் எண்பதைத் தாண்டியவர்களின் பெயர்களைத் தலைவிமார் எழுதி, பாடசாலை லீவு தொடங்குவதற்கு முன் எங்களிடம் தாருங்கள். சுகமில்லாமல் படுத்திருப்பவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள்.