பொட்டலமும் முகவரிச் சீட்டும்



தோட்டத்துக் கிராணியார் செக்ரோல் எழுதுவதை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருப்போம். ஒரே வேலை அடுத்தடுத்த வரியில் வந்தால் அவர் திரும்பத் திரும்ப எழுதமாட்டார். 'மேற்படி' என்று ஒரு குறி போடுவார்; ஏட்டில் இடம் மிச்சமாகும். கணினிக் கோப்பைச் சுருக்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். முன்பு வந்த எழுத்துகள் மறுபடி வந்தால், 'இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்து எடு' என்ற குறிப்பு மட்டும் எழுதப்படும். ஜேக்கப் ஜிவ், ஏப்ரகாம் லெம்பெல் என்னும் இருவர் 1977-இல் இந்த வழியை வெளியிட்டார்கள்.

ஆனால் குறி போடும் முறை ஆளுக்கு ஆள் மாறுமல்லவா? 1989-இல் பில் காட்ஸ் என்பவர் 'ஜிப்' முறையைக் கொண்டுவந்தார். அது எங்கும் பரவிவிட்டது. மெக்கிண்டாஷ் கணினிகளில் 'ஸ்டஃப்இட்', ஜப்பானில் 'எல்.இஸட்.எச்.', பிறகு 'ரார்', '7இஸட்' என்று இன்னும் பல உண்டு.

அண்மையில் ஒரு குடும்பத்தார் எங்களிடம் ஒரு குறுந்தட்டைக் கொண்டுவந்தார்கள். அவர்கள் வாழ்ந்த தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. லயமும் இல்லை, பழைய கோயிலும் இல்லை. அக்கோயிலின் கும்பாபிஷேக மலருக்காக எடுத்த படங்கள் அத்தட்டில்தான் இருந்தன. அந்தக் காலத்தில் அச்சகத்தார் மெக்கிண்டாஷில் வேலை செய்து, 'எஸ்.ஐ.டி.' என்று முடியும் ஸ்டஃப்இட் பொட்டலமாகக் கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பிள்ளை அந்த முடிவெழுத்தை 'ஜிப்' என்று மாற்றிப் பார்த்தான். கோப்பு கெட்டுவிட்டது என்றது கணினி. தட்டைத் தூக்கிப்போடவும் இருந்தார்களாம்!

பால் டின்னில் மண்ணெண்ணெய் என்று சீட்டு ஒட்டினால் பால் மண்ணெண்ணெய் ஆகிவிடுமா? பெயர் வெறும் முகவரிச் சீட்டு. திறக்கும் மென்பொருள் உள்ளேயும் பார்க்கும். ஜிப் கோப்பின் தொடக்கத்தில் 'பி', 'கே' என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். பில் காட்ஸ் தம் பெயரின் முதலெழுத்துகளையே அங்கே வைத்துவிட்டார்! ஆகவே மாற்றுவது என்றால், உரிய மென்பொருளால் பிரித்து, வெளியே வந்தவற்றை மறுபடி ஜிப்பாகக் கட்டுவதுதான்.

முதலில் தட்டிலுள்ளதைக் கணினியில் பிரதி எடுத்துக்கொண்டோம். விண்டோஸ் கணினியில் '7-ஜிப்' என்ற இலவச மென்பொருள் ரார், ஏ.ஆர்.ஜே., எல்.இஸட்.எச். எல்லாவற்றையும் பிரிக்கும், ஸ்டஃப்இட்டை மட்டும் பிரிக்காது. அதற்கு ஆப்பிள் கணினி வைத்திருக்கும் ஓர் ஆசிரியரை நாடினோம். அதில் 'தி அன்ஆர்க்கைவர்' என்ற இலவச மென்பொருள் உண்டு.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கை. 'ஏஸ்' என்று முடியும் பொட்டலம் யாரேனும் அனுப்பினால் திறக்காதீர்கள். வின்ரார் மென்பொருளில் அவ்வகைப் பொட்டலத்தைப் பிரிக்கும் பகுதியில், தீய கோப்பு ஒன்று நமக்குத் தெரியாமல் கணினிக்குள் புகுந்துகொள்ள வழியிருந்தது. 19 ஆண்டுகள் மறைந்திருந்த அக்குறை 2019-இல்தான் வெளியாயிற்று. அதன்பின் வின்ரார் ஏஸைத் திறப்பதையே நிறுத்திவிட்டது. மற்றது, மாற்றித் தருகிறோம் என்னும் இணையத் தளங்களில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் உள்ள பொட்டலங்களை ஏற்றாதீர்கள். நம் வீட்டுத் தாள்கள் யார் கைக்குப் போகின்றன என்று நமக்கு எப்படித் தெரியும்?

சரி, அந்த ஸ்டஃப்இட் பிரிந்ததா? பிரிந்தது. படங்கள் 'டிஃப்' வகை, உடனே திறந்தன. மலரின் பக்கங்கள் பேஜ்மேக்கரில் கட்டியவை. அவற்றிலிருந்து மீட்ட தமிழெழுத்து, பழைய எழுத்துருவின் காரணமாக, ஆங்கில எழுத்தும் குறியுமாகக் குழம்பி நின்றது. அதை யூனிகோடுக்கு மாற்றும் வேலை இன்னும் நடக்கிறது. படங்களை மட்டும் ஜிப்பாகக் கட்டி, இரண்டு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தோம். நாற்பது பேர் வரிசையாக நிற்கும் ஒரு படத்தில், பாட்டி தம் கணவரை விரலால் தொட்டுக் காட்டினார்.